ஹீட்டரே போடாத வண்டியில் ஹீட்டர் எப்படி ஒழுகும்?

ஏற்காட்டிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நீளமாக எழுதியிருக்கிறார். பெயர், இருக்கும் தெரு, வண்டியின் கம்பெனி எதையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

12 வருடப் பழைய பெட்ரோல் கார், இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாரநாளில் பள்ளிக்கூடம், சனிக்கிழமை சேலத்துக்கு இறங்கி ஏறுவது, அவ்வளவுதான் ஓட்டம். மூன்று மாதமாக வண்டிக்குள் வெல்லப்பாகு காய்ச்சுவது போல ஒரு வாடை. முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசினாற்போல மங்கல், துணியால் துடைத்தால் இன்னும் இழுகுகிறது. இடது முன்சீட்டில் உட்காரும் மாமியாரின் காலடியில் மேட்டு நனைகிறது, "காலெல்லாம் பிசுபிசுங்குதும்மா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் இருக்கும் பாட்டிலில் மட்டம் இறங்குகிறது, இவர் சமையலறைக் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்புகிறார். சேலத்தில் ஒரு பட்டறையில் முதலில் ஏசி தண்ணீர்க் குழாயை ஊதிக் கொடுத்தார்கள். நிற்கவில்லை. அடுத்த முறை போனபோது ஏசியில் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் போய்விட்டது என்று சொல்லி மாற்றி 9,000 ரூபாய் வாங்கினார்கள். பதினைந்து நாளில் மறுபடி ஈரம். வேறொரு பட்டறையில் காட்டியபோது, ஹீட்டர் கோர் ஒழுகுகிறது, டேஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும், மூன்று நாள், 14,000 ஆகும் என்கிறார்கள். பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி, "அக்கா, வீடியோ பார்த்துட்டேன், லீவுல நானே மாத்திடறேன்" என்கிறான்.

அவர் கேட்பது: ஹீட்டரை நாங்கள் ஒருநாளும் போட்டதில்லையே, அது எப்படிக் கெடும்? வீட்டிலேயே மாற்றலாமா? முதல் பட்டறையில் கொடுத்த பணம் திரும்ப வருமா? பக்கத்து வீட்டுக்காரர் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடச் சொல்கிறார், இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கும் வால்வு) கழற்றிப் போடச் சொல்கிறார், செய்யலாமா? மாமியாருக்கு இருமல் இருக்கிறது, வீட்டில் நாய் இருக்கிறது, ஏதாவது ஆபத்தா?

டீச்சர், முதல் கேள்வியிலேயே பாதி விஷயம் இருக்கிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஹீட்டர் கோர் என்பது உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அளவில் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினைச் சுற்றிச் சூடான கூலன்ட், இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குள் வந்து இதன் வழியே ஓடித் திரும்பிப் போகிறது. பல வண்டிகளில் இந்த ஓட்டத்தை நிறுத்த வால்வே கிடையாது. நீங்கள் திருப்பும் குமிழ் தண்ணீரை அடைப்பதில்லை, காற்று கோர் பக்கம் போகாமல் ஒரு தகட்டை மூடுகிறது, அவ்வளவுதான். அதாவது நீங்கள் ஹீட்டரைத் தொடாத இரண்டு வருடமும், நல்ல சித்திரை வெயிலில் சேலம் ஐந்து ரோடு சிக்னலில் ஏசி போட்டு நின்ற நேரமும், 90 டிகிரித் தண்ணீர் உங்கள் மாமியார் முழங்காலுக்கு எதிரே ஓடிக்கொண்டேதான் இருந்தது. போடாத ஹீட்டர் கெடாது என்ற நினைப்பு சேலத்துக்காரர்கள் நிறையப் பேரிடம் உண்டு. முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், ஹீட்டர் கோர் கெட்டது என்று சொன்னதும் "அதெதுக்குங்க நம்ம ஊருக்கு" என்று கேட்காத ஆளே இல்லை.

அப்படியானால் இது ஹீட்டர் கோர்தானா? உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஆமாம். முன்சீட்டுக் காலடி நனைய மூன்று வழி உண்டு: மழைத் தண்ணீர், ஏசி தண்ணீர், கூலன்ட். மழைத் தண்ணீர் கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாகவோ வைப்பருக்குக் கீழே இலைதழை அடைத்த தொட்டி வழியாகவோ வரும், மழை நின்றால் நிற்கும். ஏசி தண்ணீர் சுத்தமான தண்ணீர், வாடை கிடையாது, காய்ந்தால் தடமே இருக்காது. கூலன்ட் அப்படியில்லை, அதிலிருக்கும் கிளைகால் சீக்கிரத்தில் ஆவியாகாது, நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடக்கும். கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "மழையே இல்லை, ஏசியும் போடவில்லை, அந்த வாரமும் நனைந்தது." பட்டறைக்காரர் இந்த ஒரு வரியைக் கேட்டிருந்தால் உங்கள் 9,000 மிச்சமாகியிருக்கும்.

கூலிங் காயில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. கூலிங் காயிலுக்குள் ஓடுவது கேஸ், தண்ணீர் இல்லை. அதில் ஓட்டை விழுந்தால் கேஸ் போகும், ஏசி குளிராது. மேட்டு நனையாது. நனைவதற்காகக் கூலிங் காயிலை மாற்றுவது, கூரை ஒழுகுகிறது என்று வீட்டு வயரிங்கை மாற்றுவது மாதிரி. இதில் இன்னொரு வேடிக்கை, பெரும்பாலான வண்டிகளில் கூலிங் காயிலும் ஹீட்டர் கோரும் ஒரே பெட்டிக்குள்தான் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். பெட்டியைத் திறந்தவர் கண்ணில் கோரின் மூலையில் பூத்திருக்கும் பச்சையோ வெள்ளையோ உப்பு பட்டிருக்க வேண்டும். படவில்லை என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

காசில்லாத சோதனை முதலில்

பழுது இதுதான் என்று உறுதி ஆகாமல் யாரும், தம்பியாக இருந்தாலும் சரி பட்டறையாக இருந்தாலும் சரி, டேஷ்போர்டில் ஸ்க்ரூ டிரைவரை வைக்கக் கூடாது. மேட்டைத் தூக்கிவிட்டு அடியில் இருக்கும் கார்ப்பெட்டில் வெள்ளைத் துணியை அழுத்தி எடுங்கள். லேசான பச்சையோ ரோஸோ ஏறுகிறதா, விரலில் ஒட்டுகிறதா, இனிப்பு வாடை இருக்கிறதா என்று பாருங்கள். மோந்து பார்த்தால் போதும், நாக்கில் வைக்க வேண்டாம், பழைய ஆட்கள் சிலர் அப்படிச் செய்வார்கள். மூன்று மாதமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருப்பதால் நிறம் வெளுத்துப் போயிருக்கும், அதனால் நிறம் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் பாட்டில் மட்டம். காலையில் வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி, ஸ்கெட்ச் பேனாவால் பாட்டிலில் ஒரு கோடு. ஏற்காட்டில் சமதளம் தேடுவது கஷ்டம்தான், குறைந்தபட்சம் தினமும் ஒரே இடத்தில் ஒரே பக்கம் பார்த்து நிறுத்துங்கள். எத்தனை நாளில் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

இதற்கு மேல் போகவேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதுவே தற்காலிக வைத்தியமும் கூட. பானெட்டைத் திறந்தால், இன்ஜினுக்குப் பின்னால் வண்டியின் உட்பக்கத்தைப் பிரிக்கும் இரும்புத் தடுப்பில் பெருவிரல் கனத்துக்கு இரண்டு ஹோஸ் உள்ளே போவது தெரியும். அந்த இரண்டையும் கோரிலிருந்து கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும். நடுவில் ஒரு உலோகக் குழாய்த்துண்டு, இரண்டு பக்கமும் கிளாம்ப். வளைவு மடங்கினால் ஓட்டம் நிற்கும், அதனால் மடங்காத நீளத்துக்கு ஹீட்டர் ஹோஸ் வாங்கிப் போடுங்கள், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் இந்தச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தாங்காது. இரண்டு ஹோஸையும் தனித்தனியாக அடைத்துவிடவும் கூடாது, சில இன்ஜின்களில் இந்த வழியில் கூலன்ட் சுற்றினால்தான் தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியும். கோரின் இரண்டு வாயையும் ரப்பர் மூடி போட்டு அடைத்துவிடுங்கள்.

சேர்த்தபின் ஒரு வாரம் ஓட்டுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கோருக்குள் மிச்சம் இருப்பது சொட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பாட்டில் கோடு அசையாமல் நின்றால் குற்றவாளி கோர்தான். அப்போதும் மட்டம் இறங்கினால் வேறு இடத்தில் போகிறது: வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி, இல்லை ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு). சைலன்சரில் சூடான பிறகும் வெள்ளைப் புகை, பாட்டிலில் கொப்புளம், ஆயில் மூடிக்கு அடியில் பால் கலந்த மாதிரி இருந்தால் ஹெட் கேஸ்கட் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். பட்டறையில் பிரஷர் டெஸ்டர் இருந்தால் இதையெல்லாம் அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ரேடியேட்டர் வாயில் பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை, 0.9 பார் என்றோ 1.1 பார் என்றோ இருக்கும், ஏற்றிவிட்டு முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. அந்த எண்ணைத் தாண்டி ஏற்றக் கூடாது, பலவீனமான கோர் அங்கேயே வெடித்துவிடும். கருவி வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போங்கள்.

சரி, கோரைத் துண்டித்தே ஓட்டிக்கொண்டிருக்கலாமே, சேலத்துக்கு ஹீட்டர் எதற்கு என்று தோன்றும். கீழே சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கும் ஒருவர் எழுதியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன், வருடக்கணக்கில் அப்படியே ஓடுகிற வண்டிகள் உண்டு. உங்களுக்கு அது சரிவராது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பனி இறங்கிய பிறகு, நாலு பேர் மூச்சு விடும் மூடிய வண்டியில், இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறுகிறீர்கள். கண்ணாடியில் படியும் ஆவியை விலக்க ஏசியும் சூடான காற்றும் சேர்ந்து வருவதுதான் நல்ல வழி. ஏசி மட்டும் போட்டால் ஓரளவு விலகும், ஆனால் மாமியார் போர்வை கேட்பார். ஆகவே துண்டிப்பது சில வாரத்துக்கு. மார்கழிக்குள் புதுக் கோர் போட்டுவிடுங்கள்.

ஆபத்து எது, பயம் எது

கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் குழந்தையும் குடித்துவிடும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உங்கள் நாய்தான் இந்த வேலையில் எனக்குப் பெரிய கவலை. வடித்த கூலன்ட்டை அகலத் தட்டில் பிடித்து ராத்திரி வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள், காலையில் தட்டு நக்கித் துடைத்திருக்கும். பிடித்த உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி லேபிள் ஒட்டி வையுங்கள், தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், காபிச் செடிக்கும் சாக்கடைக்கும் ஊற்றாதீர்கள், பட்டறையில் கொடுத்துவிடுங்கள். யாராவது குடித்துவிட்டால், மனிதரோ நாயோ, வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரி. முதல் சில மணி நேரம் ஒன்றுமே இல்லாதது போல இருக்கும், அதை நம்பக் கூடாது.

மாமியாரின் இருமலுக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, அதை டாக்டர் பார்க்க வேண்டும். சூடான கூலன்ட் ஆவியும் புகைமூட்டமும் கண், தொண்டையை எரிக்கும் என்பது மட்டும் உண்மை. ஆனால் என் பயம் வாடையைப் பற்றியது அல்ல. இப்போது கசிகிற கோர் ஒருநாள் ஏற்றத்தில், இன்ஜின் முக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் பிளந்தால் என்ன ஆகும்? கொதிக்கும் கூலன்ட் முன்சீட்டுக்காரர் காலில் விழும், அதே நொடியில் முன் கண்ணாடி முழுக்கப் பால் போல மூடிக்கொள்ளும், நீங்கள் வளைவில் இருப்பீர்கள். இது எப்போதும் நடக்கும் என்று சொல்லவில்லை, பெரும்பாலானவை மாதக்கணக்கில் கசிந்துகொண்டேதான் இருக்கும். ஆனாலும் ஹோஸைத் துண்டிக்கும் வரை அவரைப் பின்சீட்டில் உட்காரவையுங்கள். சமவெளியில் இன்ஜின் சூடேறினால் ஹீட்டரை முழுசாகப் போட்டு சூட்டை வெளியே எடுப்பது நல்ல யுக்தி, உங்கள் வண்டியில் இப்போது அதைச் செய்யாதீர்கள். ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு மஞ்சள்தூள், தெர்மோஸ்டாட் எல்லாம்

மஞ்சள்தூள் ஓட்டையை அடைக்கும். நல்ல வழியையும் சேர்த்தே அடைக்கும். கோருக்குள் இருக்கும் குழாய்கள் தீக்குச்சி கனத்துக்குத்தான் வழி விடும். ரசத்துக்குப் போடுவதையெல்லாம் ரேடியேட்டரில் போட்டால், ஒழுகுவது நின்றாலும் ரேடியேட்டர் அடைத்து அடுத்த ஏற்றத்தில் வண்டி கொதிக்கும். கடையில் விற்கும் லீக் அடைக்கும் பவுடரும் இதற்குச் சொந்தக்காரன்தான். நடுக்காட்டில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர வேறு வழியில்லை என்றால் அது வேறு கதை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம்ம பக்கத்துப் பட்டறைகளின் பழைய கெட்ட பழக்கம். அது இல்லையென்றால் ஏற்காட்டுக் காலைக் குளிரில் இன்ஜின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், புது ஹீட்டர் கோர் போட்டாலும் வெதுவெதுப்புக் காற்றுதான் வரும். கசிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குழாய்த் தண்ணீருக்கு வருவோம். உங்கள் கோர் கெட்டதற்கு முக்கியமான காரணம் அதுவாக இருக்கலாம், நீங்கள் ஊற்றியது மட்டுமல்ல, முந்தைய உரிமையாளர் என்ன ஊற்றினாரோ. சேலத்து போர்த் தண்ணீரில் டீ போடும் பாத்திரத்தின் அடியைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். கோருக்குள்ளும் அதேதான். கூலன்ட்டில் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து கலந்திருக்கும், அது வருடம் போகப்போகத் தீர்ந்துவிடும், அதன் பிறகு அலுமினியம் உள்ளிருந்தே அரிக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அதைக் கொதிக்காமல் பிடித்து வைப்பது ரேடியேட்டர் மூடியின் அழுத்தமும் கூலன்ட் கலவையும்தான். மூடியின் ரப்பர் காய்ந்துபோய், உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால் மலை ஏறி முடிக்கும் இடத்தில் பாட்டில் பொங்குவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. புதுக் கோரோடு புது மூடியும் வாங்குங்கள், விலை குறைவு.

தம்பி செய்யலாமா?

தைரியத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், வண்டியின் கட்டமைப்பை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரு சாயங்காலம் தம்பியை குளோவ் பாக்ஸையும் கால் பக்கத்து அடி மூடிகளையும் மட்டும் கழற்றி, டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோரின் குழாய் இரண்டும் உள்ளே எங்கே வருகிறது, அதன் மேல் இரண்டு மூன்று ஸ்க்ரூவில் ஒரு தகடு இருக்கிறதா, அதைக் கழற்றினால் கோர் பக்கவாட்டில் உருவி வர இடம் இருக்கிறதா? இருந்தால் இது வீட்டு வேலை, நிதானமாகச் செய்தால் ஒரு நாள். பட்டறையில் முழு டேஷ்போர்டும் கழற்ற வேண்டும் என்று சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், எல்லா வண்டிக்கும் பழக்கத்தில் சொல்வதாகவும் இருக்கலாம். உங்கள் மாடலின் சர்வீஸ் மானுவலைப் பார்த்தால் தெரியும். வேறு மாடல் வீடியோவைப் பார்த்து இறங்கினால் நடுவில் நிற்பீர்கள்.

மொத்தப் பெட்டியையும் வெளியே எடுத்தால்தான் கோர் வரும் என்றால், வேண்டாம். அதற்கு ஏசி கேஸை மெஷினில் இறக்க வேண்டும், பைப்பைச் சும்மா தளர்த்திவிட்டால் தோலில் பட்டு உறைந்து புண்ணாகும், காற்றுக்கும் கேடு. நீங்கள் இப்போதுதான் புதுக் கேஸ் அடித்திருக்கிறீர்கள் வேறு. ஸ்டியரிங் ராடை இறக்க வேண்டும், ஏர்பேக் வயர்களைக் கழற்ற வேண்டும். மூன்றாவது வருடப் படிப்புக்கு இது பெரிய பாடம்தான், ஆனால் அக்கா தினமும் ஓட்டும் வண்டியில் படிக்க வேண்டாம்.

எளிதான வகை என்றால், தம்பிக்கு நேராகவே சொல்கிறேன். தம்பி, இன்ஜின் சூட்டில் மூடியைத் திறக்காதே, ராத்திரி முழுக்கக் குளிர விடு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஏர்பேக் உள்ள வண்டியாக இருந்தால் பத்து நிமிஷமாவது சும்மா இரு, மஞ்சள் நிற கனெக்டர் எதையும் தொடாதே, அதில் மீட்டர் வைத்துப் பார்க்காதே. கூலன்ட்டை ரேடியேட்டர் அடியிலிருந்து வடித்துக்கொள். ஹோஸ் கோர்க் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும், முறுக்கி இழுக்காதே. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருத்தர் வண்டியில் அப்படி முறுக்கி, ஒழுகாத கோரின் குழாயை உடைத்துவிட்டு என் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தேன். ஹோஸின் நுனியை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடு, ஹோஸ் எப்படியும் புதிதுதான் போடப்போகிறாய். ஒரு குழாயில் வாயால் மெதுவாக ஊதினால் இன்னொன்றில் மிச்சக் கூலன்ட் வெளியே வந்துவிடும், கார்ப்பெட்டில் கொட்டாது. வாயை நேராகக் குழாயில் வைக்காதே, ஒரு துண்டு சுத்தமான டியூப் மாட்டிக்கொள், உறிஞ்சிவிடாதே.

கழற்றும் ஸ்க்ரூவையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டால் மாட்டும்போது ஐந்து மிஞ்சும். என் பட்டறைப் பையன்கள் பழைய இட்லித் தட்டு வைத்திருக்கிறார்கள்: முதல் குழியில் குளோவ் பாக்ஸ், இரண்டாவதில் அடி மூடி என்று வரிசையாக. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் போட்டோ எடு. பழைய கோர் வெளியே வந்ததும் புதியதோடு பக்கத்தில் வைத்து, குழாய் வளையும் கோணம், கனம் எல்லாம் ஒன்றா என்று பார். கோரைச் சுற்றி ஒரு ஸ்பாஞ்சு பட்டை ஒட்டியிருக்கும், அது புதியதில் இல்லையென்றால் வாங்கி ஒட்டு, இல்லையென்றால் காற்று கோரைத் தொடாமல் ஓரமாகவே போய்விடும். குழாய் இணைப்பில் ரப்பர் வளையம் இருந்தால் புதிதாகப் போடு, கூலன்ட்டில் நனைத்துப் போடு.

புதுக் கோரை மாட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது, எல்லோரும் விட்டுவிடுவது. ஹீட்டர் ஹோஸ் வழியாகத் தண்ணீர் விட்டு இன்ஜின் பக்கத்தை அலச வேண்டும், தெளிந்த தண்ணீர் வரும் வரை. பழைய உப்பும் துருவும் அப்படியே இருந்தால் புதுக் கோரும் அதையேதான் சாப்பிடும். கடைசி அலசல் டிஸ்டில்ட் வாட்டரில், பேட்டரிக்கு வாங்குவோமே அதுதான். பிறகு உங்கள் மானுவல் சொல்லும் வகைக் கூலன்ட், அடர்த்தியாக விற்பது என்றால் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி, ரெடிமேடாகக் கலந்தது என்றால் தண்ணீரே சேர்க்க வேண்டாம். நிறத்தைப் பார்த்து வாங்காதே, ஒரே நிறத்தில் வேறு வேறு வகை வருகிறது.

நிரப்பிய பின் ஏர் லாக், அதாவது குழாய்களுக்குள் மாட்டிக்கொண்ட காற்றை, எடுக்க வேண்டும். வண்டியின் மூக்கு மேடாக இருந்தால் காற்று தானாக ஏறி வெளியே வரும். சமவெளியில் இதற்கு நாங்கள் ஜாக்கி தேடுவோம், உங்கள் வீட்டு வாசல் ஏற்றமே போதும், பின் சக்கரத்துக்குப் பெரிய கல் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டி குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, கொப்புளம் நின்றதும் மூடிவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை விடுங்கள். டேஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தம் வந்தால் இன்னும் காற்று இருக்கிறது. வண்டி குளிர்ந்த பின் மறுபடி மட்டம் பாருங்கள், அடுத்த மூன்று நாள் காலையிலும் பாருங்கள். மலை இறங்கும் முதல் ஓட்டம் வேண்டாம், ஊருக்குள் ஏரியைச் சுற்றி இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கார்ப்பெட்டை மறக்காதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் இருக்கும் கனத்த ஸ்பாஞ்சு அப்படியே குடித்து வைத்திருக்கும். முன்சீட்டைக் கழற்றி, ஸ்பாஞ்சைத் தூக்கி, சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் நாலைந்து முறை அலசி வெயிலில் போடுங்கள். சில வண்டிகளில் அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் வயர் கனெக்டர்கள் ஓடும், பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். கண்ணாடி மங்கலுக்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய நியூஸ் பேப்பரும் போதும்.

பணம் திரும்ப வருமா?

நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு மெக்கானிக் பழுதைத் தவறாகக் கணித்தாலே அது குற்றம் ஆகிவிடாது, டாக்டருக்கும் தவறும். ஆனால் உங்கள் புகார் மேட்டு நனைவது, அதற்கு சம்பந்தமில்லாத பாகத்தை மாற்றி, சரியாகிவிட்டது என்று சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்றால் அது சேவைக் குறைபாடு என்று வாதாட இடம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள், பல பட்டறைகள் அதிலேயே பேச வந்துவிடும்.

இங்கே ஒரு சிக்கல். தம்பி கோரை மாற்றிவிட்டால் உங்கள் சாட்சி போய்விடும். ஆகவே கழற்றும் முன் இரண்டாவது பட்டறையில் "ஹீட்டர் கோர் கசிவு" என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள், அதற்கு ஒரு சோதனைக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஈரமான கார்ப்பெட், பாட்டில் கோடு எல்லாம் தேதியோடு போட்டோ. பழைய கோரைத் தூக்கி எறியாமல் பையில் கட்டி வையுங்கள். மாற்றியதாகச் சொன்ன பழைய கூலிங் காயிலை உங்களிடம் கொடுத்தார்களா, பில்லில் பாகத்தின் பெயர் இருக்கிறதா? பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கஷ்டம். முதலில் நேரில் போய் நிதானமாகப் பேசுங்கள். முழுப் பணம் வராவிட்டாலும், கூலியையாவது கழித்து ஹீட்டர் கோர் வேலையைச் செய்து கொடுங்கள் என்று கேட்கலாம். ஆனால் ஒருமுறை பார்க்காமல் விட்ட கை மறுபடி அதே பெட்டியைத் திறக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் பணத்தை மட்டும் கேட்பேன்.

இரண்டாவது பட்டறை சொன்ன 14,000-த்தில் கோரின் விலை சின்னப் பங்கு, மீதி கூலி. பெட்டி முழுக்க இறக்கும் வகை வண்டி என்றால் அது அநியாயம் இல்லை. ஹோஸ், மூடி, கூலன்ட், கேஸ் இதெல்லாம் அதில் சேர்த்தியா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி எடுக்கும் முன் பாட்டிலில் கோட்டைப் போடுங்கள். ஹோஸைத் துண்டித்து ஒரு வாரம் ஓட்டிய பின் கோடு எங்கே நிற்கிறது, குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் அந்தத் தகடு இருக்கிறதா, இரண்டையும் போட்டோவோடு அனுப்புங்கள். வண்டி எந்த மாடல் என்றும் தனியாக எழுதுங்கள், கோரை எந்தப் பக்கத்திலிருந்து உருவ வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.